குருத்தெலும்பு: சொல்லில் உறையும் இளமை

உடற்கூற்று நூல்களில் 'சின்காண்ட்ரோசிஸ்' என்றொரு சொல் உண்டு. இரண்டு எலும்புகளைக் குருத்தெலும்பு இடைநின்று பிணைக்கும் மூட்டு என்பது அதன் பொருள். கிரேக்கத்தில் 'சின்' என்பது 'உடன்'. 'காண்ட்ரோஸ்' என்பது குருத்தெலும்பு. கி.பி. 2ஆம் நூற்றாண்டு மருத்துவரான கேலன், எலும்புகள் இணையும் முறைகளுள் ஒன்றாக இதனைக் கூறினார்.

'காண்ட்ரோஸ்' என்பதற்குத் தானிய மணி, நொய் என்ற பொருள்களும் உண்டு. 1898இல் உயிரணுவின் நுண்ணுறுப்புக்கு 'மைட்டோகாண்ட்ரியா' எனப் பெயரிட்டபோது, இழை, மணி என்னும் பொருளுடைய இரு சொற்களே இணைக்கப்பட்டன.

வடமொழி வேறு வழியில் சென்றது. எலும்புகளை ஐவகையாகப் பகுக்கும் சுசுருத சங்கிதை, மூக்கு, காது முதலிய இடங்களில் உள்ளவற்றைத் 'தருணாஸ்தி' என்கிறது. தருணம் என்றால் இளமை. தமிழோ இளமை என்று பொதுப்படக் கூறி அமையாமல், பனையிலும் வாழையிலும் நடுவே விரியாது சுருண்டிருக்கும் குருத்தையே கண்முன் நிறுத்துகிறது. ஈழத்துப் பாடநூல்கள் இதனைக் 'கசியிழையம்' என்கின்றன. அச்சொல்லில் இவ்வுவமை இல்லை.

இவ்வுவமை வெறும் அழகுக்கானதன்று. குழந்தையின் கைகால் நீளெலும்புகளில் முனைக்கும் தண்டுக்கும் இடையே ஒரு குருத்தெலும்புத் தட்டு உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். வளர்ச்சி முடிந்ததும் தட்டு எலும்பாகிவிடும். அந்த மூட்டும் மறைந்துவிடும். காதிலும் மூக்கிலும் உள்ள குருத்தெலும்போ முதுமையிலும் மென்மை மாறாது நிற்கும். கிரேக்கச் சொல் பொருளின் பெயரை மட்டும் தருகிறது. தமிழ்ச் சொல் அதன் பருவத்தையும் சேர்த்துத் தருகிறது.

மூட்டின் இயல்பும் இலக்கணம் பயின்றோர்க்குப் புதிதன்று. எலும்பு மூட்டும் சொற்புணர்ச்சியும் வடமொழியில் 'சந்தி' என ஒரே பெயர் பெறுகின்றன. பனையும் குருத்தும் சேர்ந்து 'பனங்குருத்து' ஆகும்போது இடையே நின்று பிணைப்பது 'அம்' சாரியை. எலும்புகளிடையே குருத்தெலும்பு செய்வதும் அத்தகைய பணியே.

1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். ஆயினும் இன்று நல்லம்பள்ளி போன்ற ஊர்களில் தமிழ்வழி பயின்று மருத்துவக் கல்லூரி புகும் மாணவர், குருத்தெலும்பைப் பள்ளியோடு விட்டுவிட்டு 'சின்காண்ட்ரோசிஸ்' என்பதை உருப்போட நேர்கிறது. அயற்சொல்லைக் கற்பதில் இழுக்கில்லை. ஆனால் குருத்தைக் கண்டு வளர்ந்தவர்க்கு அந்த மூட்டு ஏன் வளர்கிறது, ஏன் மறைகிறது என்பதைத் தாய்மொழிச் சொல்லே பாதி விளக்கிவிடும். இரண்டையும் அருகருகே வைத்துக் கற்பிப்பதே நம் ஆசிரியர்கள் செய்யத்தக்கது.