மலைநாட்டார்க்கு வாய்த்த இரு கடற்றுறைகள்

மாத்தளை மாவட்டத்தின் கீழ்ப்பாகத்திலே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில், லக்கலை என்னும் பிரிவு அமைந்துளது. அதன் தலையூராய் நெடுங்காலம் விளங்கியது பல்லேகம. களுகங்கைக்குக் குறுக்கே அணை எழுந்தபோது பழைய பல்லேகம நீர்த்தேக்கத்தின் அடியில் மறைந்தது; ஊரார் புதிதாய் அமைந்த லக்கலை நகருக்குக் குடிபெயர்ந்தனர். நாற்புறமும் மலையும் காடும் வயலும் சூழ வாழ்வார்க்குக் கடல் என்பது தொலைவிலுள்ள ஓர் அதிசயமே. விடுமுறை நெருங்குந்தோறும், குழந்தைகளுக்குக் கடல் காட்டவேண்டும் என்னும் எண்ணம் எழ, அதனுடன் ஒரு வினாவும் எழுதல் இயல்பு. திருக்கோணமலைக்குச் செல்வதா, மட்டக்களப்புக்குச் செல்வதா?

நாவுலை, தம்புள்ளை ஆகிய ஊர்களைக் கடந்து ஹபரணை சேரும் வரையில் இவ்வினாவுக்கு விடை கூறவேண்டுவதில்லை. ஹபரணையிலே பெருந்தெரு இரண்டாகின்றது. ஒன்று கந்தளாய் வழியாகத் திருக்கோணமலைக்கும், மற்றொன்று பொலன்னறுவை வழியாக மட்டக்களப்புத் திசைக்கும் செல்லும். இருப்புப்பாதையும் அவ்விடத்துக்கு அண்மையிலுள்ள கல்லோயாச் சந்தியில் அவ்வாறே பிரிகின்றது. 1920களின் பிற்பகுதியில் அப்பாதைகளை வகுத்த பொறியியலாளர், மலைநாட்டாரின் ஐயத்தை அறிந்தே அச்சந்தியை அமைத்தனர் போலும் என்று வேடிக்கையாகக் கூறலாம்.

இவ்வினா நம் காலத்தில் மட்டும் தோன்றியதன்று. நானூறு ஆண்டுகளின் முன் கண்டி மன்னரும் இதனையே வினவினர். விளையாட்டுக்காக அவர்கள் வினவவில்லை. அரசின் உயிர்நிலை அவ்விடையில் தங்கியிருந்தது. மேற்குக் கரையில் கொழும்பு, நீர்கொழும்பு, காலி முதலிய துறைகளெல்லாம் போர்த்துக்கேயர் கைப்பட்டிருந்தன. உள்நாட்டு அரசொன்று வெளியுலகோடு பேசுதற்கும், துணை தேடுதற்கும் எஞ்சியிருந்த வாயில்கள் கிழக்கிலேயே இருந்தன. கொட்டியாரக்குடாவும் அதன் வடபால் உள்ள திருக்கோணமலையும் ஒரு வாயில். மட்டக்களப்பு மற்றொரு வாயில்.

1602ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஒல்லாந்தக் கப்பற்றலைவன் சுபில்பேர்கன் மட்டக்களப்பிலே வந்திறங்கினான். அங்கிருந்து கண்டி சென்று விமலதருமசூரிய மன்னனைக் கண்டான். மன்னன் அவனை மிகுந்த உவகையோடு வரவேற்றான். ஒல்லாந்தர் இந்நாட்டில் ஒரு கோட்டை கட்ட முன்வருவராயின் தானும் தன் மனைவி மக்களும் கல்லும் மண்ணும் தோளிற் சுமந்து உதவுவதாக அவன் கூறியதாய் அப்பயணக்குறிப்பு உரைக்கின்றது. போர்த்துக்கேயரை ஓட்டுதற்கு எத்துணை விலையும் கொடுக்க அவன் ஆயத்தமாயிருந்தான் என்பது இதனாற் புலனாம். ஆயின் அடுத்த ஆண்டிலே அதே மட்டக்களப்பில் நிகழ்ந்தது வேறு. செபால்த் த வேர்த் என்னும் மற்றோர் ஒல்லாந்தத் தலைவன், தான் பிடித்த போர்த்துக்கேயரை மன்னன் விருப்பத்துக்கு மாறாக விடுதலை செய்தான். அதனால் எழுந்த பூசலில், மன்னன் முன்னிலையில் நாவடக்கமின்றிப் பேசி, தன் ஆட்கள் பலரோடு வெட்டுண்டு இறந்தான். விருந்தாய் வந்தோன் நாவினால் உயிரிழந்த கதை இது. மட்டக்களப்பார் விருந்தோம்பலிற் குறைந்தவர் என எவரும் இதனைக்கொண்டு எண்ணற்க.

பின்வந்த செனரத மன்னன் கொட்டியாரத்தை நாடினான். 1612இல் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்து, அங்கே சிறு கோட்டை ஒன்று எழுப்ப இடமளித்தான். போர்த்துக்கேயர் அதனை விரைவில் அழித்தனர். 1620இல் தேனியர் திருக்கோணமலைக்கு வந்தனர். அவர் முயற்சி ஈண்டுப் பலிக்கவில்லை. எனினும் அவ்வாண்டிலேயே தஞ்சை நாயக்க மன்னரிடமிருந்து தரங்கம்பாடியைப் பெற்றுக்கொண்டனர். திருக்கோணமலை கைகூடியிருப்பின் தரங்கம்பாடியின் வரலாறு எவ்வாறு அமைந்திருக்கும் என எண்ணிப் பார்த்தல் சுவையுடைத்து.

மன்னர் துணை தேடுவதைக் கண்ட போர்த்துக்கேயர் இரு வாயில்களையும் அடைத்துவிடத் துணிந்தனர். 1624இல் திருக்கோணமலையிலும், 1628இல் மட்டக்களப்பிலும் கோட்டைகள் எழுந்தன. திருக்கோணமலைக் கோட்டைக்குக் கல் வேண்டியிருந்தது. கோணேசர் கோயில் இடிக்கப்பட்டு அதன் கற்கள் கோட்டை மதிலாயின. இன்று சுவாமிமலை எனப்படும் குன்றின் உச்சியிற் புதுக்கோயில் முன் நின்று கடலை நோக்குவோர், தாம் கடந்துவந்த கோட்டை வாயிலையும் ஒருமுறை திரும்பி நோக்குதல் வேண்டும்.

இரண்டாம் இராசசிங்கன் காலத்தில் வினா மறுபடியும் எழுந்தது. ஒல்லாந்தர் 1638ஆம் ஆண்டு மே மாதத்தில் மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றினர். அங்கேயே மன்னனோடு உடன்படிக்கையும் எழுதப்பட்டது. மறு ஆண்டில் திருக்கோணமலையும் வீழ்ந்தது. சிலகாலம் இரு துறைகளும் மன்னன் வயமாயின. ஆயினும் 1665இல் திருக்கோணமலையையும், 1668இல் மட்டக்களப்பையும் ஒல்லாந்தர் தமதாக்கினர். இவ்விடைக்காலத்தில், 1660இல், புயலினால் பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பலொன்று செப்பனிடுதற்காகக் கொட்டியாரத்துக்கு வந்தது. கரையிறங்கிய தலைவனும் அவன் மகன் றொபேட் நொக்சும் மன்னன் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். தந்தை மறு ஆண்டில் இறந்தான். மகன் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் மலைநாட்டிலே சிறையிருந்து 1679இல் தப்பி, 1681இல் இலங்கையைப் பற்றி நூலெழுதினான். கடற்கரையிற் சிலநாள் தங்கக் கருதி இறங்கியவன் அத்துணைக் காலம் மலைக்குள்ளே தங்க நேர்ந்தது. கடல் காணச் செல்லும் நம் மாணவர்க்கு இதன் மறுதலையே வாய்க்கின்றது.

இனி 1766ஆம் ஆண்டுக்கு வருவாம். மலைநாட்டின் வரலாற்றில் அவ்வாண்டுக்குரிய இடத்தைப் பாடநூல்கள் போதிய அளவு காட்டுவதில்லை என்பது எம் கருத்து. அவ்வாண்டு பெப்ரவரியில் ஒல்லாந்தரோடு செய்யப்பட்ட உடன்படிக்கையினால் தீவின் கரையோரம் முழுவதும் கண்டியரசின் கையை விட்டு நீங்கியது. இரு வாயில்களும் ஒருங்கே மூடப்பட்டன. மலைநாட்டுக் குடிகள் உப்பளங்களிலிருந்து உப்பெடுத்துச் செல்லும் உரிமையை மட்டும் பெற்றனர். உப்பும் கருவாடும் இன்றி மலைநாட்டு அடுக்களை இயங்காது. ஆதலின் அச்சிறு உரிமையும் பெரிதாகவே மதிக்கப்பட்டிருக்கும். அக்காலத்து லக்கலைக் குடியானவனுக்குக் கடற்கரைக்குச் செல்லும் வழி இன்பத்துக்குரிய வழியன்று. உப்பு மூட்டைக்குரிய வழியாகும்.

இரு துறைகளுள் எது சிறந்தது என்பதில் வேற்றரசுகள் ஐயுறவில்லை. திருக்கோணமலையின் உட்குடா ஆழமானது, மலைகளால் மறைக்கப்பட்டது, எப்பருவத்திலும் பெருங்கப்பல்கள் தங்கத்தக்கது. 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே அது சனவரியில் ஆங்கிலர் கைக்கும், ஆகத்து இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரென் கைக்கும் மாறியது. செத்தெம்பர் 3ஆம் நாள் அதன் வெளிக்கடலில் இரு கடற்படைகளும் பொருதன. அவ்வாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்து கண்டிக்குத் தூது சென்ற இயூ பொய்து என்பார் தூதும் பலிக்காது, திரும்பும் வழியிற் பிரெஞ்சுக்காரர் கையிலும் அகப்பட்டார். மட்டக்களப்போ அத்தகைய துறையன்று. அதன் வாவி நீண்டது, எழில் வாய்ந்தது. ஆயின் முகத்துவாரம் மணற்றிட்டினால் அடைபடும் இயல்பினது. பெருங்கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்றல் வேண்டும். ஆதலின் வல்லரசுகள் திருக்கோணமலைக்காகப் போரிட்டன. மட்டக்களப்பை அதன் பின்னே சேர்த்துக்கொண்டன. 1795இலும் ஆங்கிலர் முதலில் திருக்கோணமலையையும் பின்னர் மட்டக்களப்பையுமே பிடித்தனர்.

இரண்டையும் ஒரு பயணத்திற் கண்டவன் ஒருவன் உளன். 1804ஆம் ஆண்டு செத்தெம்பரில் ஆங்கிலப் படைத்தலைவன் யோன்சுதன் சிறு படையொன்றுடன் மட்டக்களப்பிலிருந்து கண்டி நோக்கிப் புறப்பட்டான். வேறு திசைகளிலிருந்தும் படைகள் வந்து சேருமென அவன் நம்பியிருந்தான். திட்டம் இடையிலே மாறியது. மாற்றம் அவனுக்குத் தெளிவாய் அறிவிக்கப்படவில்லை. ஒக்டோபர் முதல் வாரத்திற் கண்டியை அடைந்தவன் அங்கே வேறெவரும் இல்லாமை கண்டு திகைத்து, சில நாளின் பின் திருக்கோணமலை நோக்கிப் பின்வாங்கினான். நோயும் மழையும் அம்பும் துப்பாக்கியும் வழியெங்கும் தொடர்ந்தன. இவ்வனுபவத்தை 1810இல் நூலாகவும் வெளியிட்டான். இரு நகரங்களையும் ஒரே சுற்றிற் காண விழைவார்க்கு அவன் சென்ற முறை உகந்ததன்று.

கடற்கரைக்கு இன்பம் கருதிச் செல்லும் வழக்கம் எக்காலத்தது என்பதையும் ஈண்டுச் சிறிது நோக்குதல் தகும். மேனாட்டில் அது மருத்துவத்திலிருந்து பிறந்தது. 1750ஆம் ஆண்டில் றிச்சாட் றசல் என்னும் மருத்துவர் கடல்நீரின் பயனைப் பற்றி நூலெழுதியபின் பிறைற்றன் என்னும் மீனவர் ஊர் செல்வர் கூடுமிடமாயிற்று. தமிழர்க்கு இது புதிதன்று. நெய்தல் என ஒரு திணை வகுத்தவர் நாம். சிலப்பதிகாரத்தில் கோவலனும் மாதவியும் புகார்க் கடற்கரைக்குச் சென்றதும், அங்கேயே பிரிந்ததும் கடலாடலோடு தொடர்புற்றனவே. பிற்காலத்தில் கடலாடல் பெரும்பாலும் தீர்த்தமாடலாயிற்று. ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு அமிர்தகழி மாமாங்கேசுவரத்தில் மக்கள் திரள்வதும், கோணேசரைத் தரிசிக்கப் பலர் திருக்கோணமலை செல்வதும் அவ்வழக்கின் தொடர்ச்சியே. ஆதலின் நம்மவர் பலர்க்கு விடுமுறையும் யாத்திரையும் ஒன்றாகவே அமைகின்றன.

இப்பொழுது வினாவுக்கு வருவாம். கடற்படைக்கு வேண்டிய குணம் ஆழம். குழந்தைக்கு வேண்டிய குணம் ஆழமின்மை. வல்லரசுகள் வேண்டாது ஒதுக்கிய குணமே விடுமுறையாளர்க்கு வேண்டுவதாகின்றது. மட்டக்களப்புக்கு வடக்கேயுள்ள பாசிக்குடாவில் நெடுந்தூரம் நடந்து சென்றாலும் நீர் இடுப்பளவிலேயே நிற்கும், அலையும் சிறிது. நீந்தத் தெரியாத மலைநாட்டுக் குழந்தைகளை அழைத்துச் செல்வோர் அங்கே செல்க என்பதே எம் துணிபு. இரவிற் கல்லடிப் பாலத்தருகே படகில் அமர்ந்து, வாவியின் அடியிலிருந்து எழுவதாகச் சொல்லப்படும் மீனிசையைக் கேட்க முயல்க. யாம் ஒருமுறை முயன்று தவளையொலியை மட்டுமே கேட்டோம். வளர்ந்த மாணவர்க்கு, வரலாறு கற்போர்க்கு, திருக்கோணமலையே ஏற்றது. கோட்டையும் கோயிலும், கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகள் ஏழும் ஒருநாட் பயணத்துள் அடங்குவன. நிலாவெளிக் கடற்கரையும் அண்மையிலுளது.

எந்நகரைத் தெரிந்தாலும் பருவத்தைத் தவறவிடலாகாது. வைகாசி முதல் புரட்டாதி வரை கீழ்க்கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஆகத்து விடுமுறை அதற்கு இசைந்தது. வாடைக்காற்று வீசும் மார்கழி விடுமுறையில் இரு துறைகளும் குளித்தற்கு ஆகா. 1978ஆம் ஆண்டு நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியை முதியோர் மறந்திலர். பருவத்துக்குக் கட்டுப்படாத ஆழிப்பேரலையோ 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் இரு கரைகளையும் வேறுபாடின்றி வாரிச்சென்றது.

இரு நகரங்களின் விதியும் பிணைந்ததென்பதற்கு 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாளும் சான்றாகும். அன்று யப்பானிய விமானங்கள் திருக்கோணமலையைத் தாக்கின. தாக்குதலுக்கு அஞ்சி முன்னிரவிலேயே அத்துறையை விட்டகன்ற ஏர்மிசு என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்கப்பல் இன்றும் அக்கடலடியிற் கிடக்கின்றது.

நாளும் பொருளும் இடங்கொடுப்பின், இரண்டையும் காண்டற்கு ஒரு வழியுண்டு. திருக்கோணமலையிற் சிலநாள் தங்கி, கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை எனக் கரையோரமாகவே மட்டக்களப்புக்குச் செல்லலாம். முன்னர் ஓடங்களில் ஏறி இறங்கிக் கடந்த துறைகளில் இப்பொழுது பாலங்கள் உள. பல்லேகம வழியே பாயும் களுகங்கை அம்பன்கங்கையிற் சேர்ந்து, அம்பன்கங்கை மகாவலியிற் கலந்து, மகாவலி ஒரு கிளையாய்க் கொட்டியாரக்குடாவிலும் மற்றொரு கிளையாய் வெருகலிலும் கடலை அடைகின்றது. திருக்கோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையெல்லை என மதிக்கப்பெற்ற ஆறு அவ்வெருகலாறே. சித்திரவேலாயுதர் கோயிலைத் தரிசித்தபின் அவ்வாற்றங்கரையில் சற்றே தங்குவோர், தம் பழைய ஊரை மூடி நிற்கும் நீரின் ஒரு பகுதியை அங்கே காண்பர்.