கீழே விழுந்தும் உடையாத தட்டு

பக்கவாட்டில் சிறிய நீலப் பூ வரைந்த வெள்ளைப் பாத்திரத்தை நம்மவர் வீடுகளில் பலர் பார்த்திருப்பீர்கள். மேற்படிப்புக்கு வந்த முதல் குளிர்காலத்தில் பழைய பொருள் கடையொன்றில் நான் அதை வாங்கினேன். ஃப்ரீசரிலிருந்து எடுத்து நேரே சூடான ஓவனுக்குள் வைக்கலாம் என்றார் கடைக்காரர். நான் நம்பவில்லை. பார்க்கப் பீங்கான் போலிருந்த அந்தப் பாத்திரம் கண்ணாடியாகப் பிறந்தது என்பதும் அன்று எனக்குத் தெரியாது.

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பா சீனப் பீங்கானின் ரகசியத்துக்காக ஏங்கியது. பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் 1739இல் ஒரு வழியை வெளியிட்டார். கண்ணாடிப் புட்டிகளை மணலும் ஜிப்சமும் சேர்ந்த தூளில் புதைத்து, நெடுநேரம் சூடாக்கினார். அவை ஒளி ஊடுருவாத வெள்ளைப் பொருளாக மாறின. ஆனால் சூட்டில் உருக்குலைந்தன, வலுவும் இல்லை. முயற்சி அத்துடன் நின்றது.

ஏன் அப்படி? கண்ணாடியில் அணுக்கள் ஒழுங்கின்றி உறைந்து கிடக்கின்றன. மீண்டும் சூடாக்கினால் அவை அசைந்து படிகமாக அடுங்கத் தொடங்கும். அதற்கு முதலில் ஒரு கரு வேண்டும். கற்கண்டு காய்ச்சுகிறவர்கள் பாகில் நூல் கட்டுவது இதற்காகத்தான். ரெயோமூரின் புட்டியில் கரு தோன்றியது மேற்பரப்பில் மட்டும். அங்கிருந்து பெரிய படிகங்கள் உள்நோக்கி வளர்ந்தன. பொருள் பலவீனமானது. கண்ணாடித் தொழிலாளருக்கும் படிகமாதல் எப்போதும் எதிரிதான். உலையில் அது நேர்ந்தால் சரக்கு வீண்.

அடுத்த அத்தியாயம் 1953இல், அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில். டொனால்ட் ஸ்டூக்கி என்ற வேதியியலாளர் ஒளியுணர் கண்ணாடித் தட்டு ஒன்றை 600 டிகிரி செல்சியஸில் சூடாக்க உலையில் வைத்தார். கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகி வெப்பம் 900ஐத் தொட்டது. உருகி வழிந்திருக்கும் என்று நினைத்துத் திறந்தார். தட்டு வடிவம் கெடாமல் வெள்ளையாக இருந்தது. இடுக்கியால் எடுக்கும்போது நழுவித் தரையில் விழுந்தது. உலோகம்போல ஒலித்தது, உடையவில்லை.

அந்தக் கண்ணாடியில் மிகச் சிறிதளவு வெள்ளி இருந்தது. அதன் நுண்துகள்கள் உள்ளெங்கும் கருக்களாயின. கோடிக்கணக்கான சின்னஞ்சிறு படிகங்கள் ஒரே நேரத்தில் வளர்ந்ததால் எதுவும் பெரிதாகவில்லை. விரிசல் ஓடவும் எளிய வழியில்லை. பின்னர் வெள்ளிக்குப் பதில் டைட்டானியம் டைஆக்சைடைக் கருவாக்கி வேறு கலவைகள் உருவாகின. 1957இல் பைரோசெராம் அறிவிக்கப்பட்டது. ஏவுகணைகளின் மூக்குக்கூம்புக்கும் அது பயன்பட்டது. அடுத்த ஆண்டே கார்னிங்வேர் என்ற பெயரில் சமையலறைக்கு வந்தது. சூட்டில் அது மிகக் குறைவாகவே விரிவதால் திடீர் வெப்ப மாற்றத்தைத் தாங்குகிறது.

இதைத் தற்செயல் கண்டுபிடிப்பு என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எனக்கு அது போதவில்லை. கண்ணாடி சூட்டில் வெள்ளையாவதை ரெயோமூரும் பார்த்தார். ஸ்டூக்கிக்கோ, கண்ணாடிக்குள் வெள்ளி என்ன செய்யும் என்பதில் பத்தாண்டுக்கும் மேற்பட்ட அனுபவம் இருந்தது. உலை பழுதானது அதிர்ஷ்டம். விழுந்த தட்டைக் குப்பையில் போடாமல் குனிந்து எடுத்துப் பார்த்தது அதிர்ஷ்டம் அல்ல.

என் மென்பொருள் வேலையிலும் ஏதாவது பழுதாகாத வாரமில்லை. சரிசெய்து மூடிவிடுவதே வழக்கம். அந்த வெள்ளைப் பாத்திரத்தில் சோற்றைச் சூடாக்கும் இரவுகளில், மூடுவதற்கு முன் ஒருமுறை பார்த்திருக்கலாமோ என்று தோன்றும்.