அரியலூர் ஸ்டேஷன் மணியும் ‘ரயில்வே வாட்ச்’ கதைகளும்

பழைய சாவி வாட்ச் சேர்க்கிறவங்க எல்லாரும் ஒரு கட்டத்துல ‘ரயில்வே வாட்ச்’ என்ற பேருக்கு மயங்கிடுவாங்க. மூடியில் நீராவி இன்ஜின், முகப்பில் பெரிய எண்கள், தொங்குறதுக்கு ஒரு சங்கிலி. பெரம்பலூர், அரியலூர் பக்கம் வாட்ச் தேடினால் இதோடு இன்னொரு கதையும் சேரும். “ஐம்பத்தாறுல கவுந்த ரயில்ல இருந்தவரோடதுங்க இது” என்று ஒரு பழைய சாமான் வியாபாரி என்னிடமும் சொன்னார். நான் வாங்கவில்லை. ஏன் என்பதற்குக் கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும்.

ரயில்வேயில் வாட்ச் அலங்காரப் பொருள் இல்லை. இந்திய ரயில்வேயின் பொது விதிகளில் இன்றைக்கும் ஒரு விதி இருக்கிறது: தினமும் 16.00 மணிக்கு முக்கிய ஸ்டேஷன்களுக்கெல்லாம் நேரம் அறிவிக்கப்பட வேண்டும். புறப்படும் ஸ்டேஷனில் கார்டு தன் வாட்சை ஸ்டேஷன் கடிகாரத்தோடு சரிசெய்துகொண்டு, அந்த நேரத்தை டிரைவரிடம் சொல்ல வேண்டும். டிரைவர் அதன்படி தன் வாட்சைத் திருத்திக்கொள்வார். ஆக, ஒரு ரயிலுக்கு ஒரே நேரம்தான்.

அந்த நேரம் எது என்பதும் சுவாரஸ்யமான கேள்விதான். நுங்கம்பாக்கத்து வானியல் ஆய்வகம் 1792ல் வந்தது. அங்கே ஜான் கோல்டிங்காம் 1802ல் கணித்த ‘மெட்ராஸ் நேரம்’ கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் முந்தியது. பிற்பாடு இந்திய ரயில்வேக்கள் ஓடியதும் அந்த நேரத்தில்தான். 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணி என்ற இந்தியப் பொது நேரம் வந்தது. விழுப்புரத்திலிருந்து அரியலூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் கார்டு லைன் அதற்கெல்லாம் பின்னால் போட்டது. அதனால் அரியலூர் ஸ்டேஷன் கடிகாரம் மெட்ராஸ் நேரத்தைக் காட்டியதே கிடையாது. யாராவது “அரியலூர் ஸ்டேஷன்ல மெட்ராஸ் டைம்ல ஓடின வாட்ச்” என்று விற்றால் நம்பாதீங்க.

சூரியனைக் கேட்டால் கணக்கு வேறு. அரியலூரில் உச்சிவெயில் பொது நேரத்தின் 12 மணிக்குச் சராசரியாக 14 நிமிஷம் கழித்துத்தான் வரும். பெரம்பலூரில் அதற்கும் முக்கால் நிமிஷம் போலப் பின்னால். நிழல் பார்த்து நாழிகை சொன்ன ஊர்களுக்கு 14 நிமிஷம் பெரிசில்லை. ஒரு நாழிகையே 24 நிமிஷம். ரயில் வந்த பிறகுதான் ஒரு நிமிஷத்துக்கு மதிப்பு வந்தது. பெரம்பலூர் மாவட்டத்துக்கு இன்னும் ரயில் பாதையே இல்லை. அங்கே ‘தாத்தாவோட ரயில்வே வாட்ச்’ என்று வந்தால், தாத்தா எந்த ஸ்டேஷனில் வேலை பார்த்தார் என்பதுதான் முதல் கேள்வி.

வாட்ச் தப்பினால் உயிர் போகும் என்ற பேச்சு அமெரிக்காவில் பிறந்தது. 1891 ஏப்ரலில் ஒஹாயோ மாநிலத்தின் கிப்டனில் இரண்டு ரயில்கள் மோதின. ஒரு இன்ஜின் டிரைவரின் வாட்ச் நாலு நிமிஷம் நின்று, பிறகு தானாக ஓடியது என்பார்கள். அதன் பிறகு வெப் பால் என்ற வாட்ச் வியாபாரியை வைத்துக் கடுமையான தரம் கொண்டுவந்தார்கள்: வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிசகக் கூடாது. நம்ம ஊர் ஒற்றைப் பாதைகளில் மோதலைத் தடுத்தது பெரும்பாலும் டோக்கன்தான். பிரம்பு வளையத்தில் மாட்டிய பையில் அந்த இரும்புக் குண்டு கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்க முடியாது. வாட்ச் துணைக்குத்தான்.

1956 நவம்பர் 23 அதிகாலையில் நடந்தது வாட்ச் கோளாறும் இல்லை, டோக்கன் கோளாறும் இல்லை. சென்னையிலிருந்து போன தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்தில் ஏறியது. வெள்ளத்தில் பாலம் சரிந்து இன்ஜினும் முன்பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. இறந்தவர்கள் நூற்று நாற்பதுக்கும் மேல். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். கார்டும் டிரைவரும் வாட்சை எவ்வளவு துல்லியமாக வைத்திருந்தாலும் அன்றைக்கு அது உதவியிருக்காது. அத்தனை பேர் செத்த ஆற்றிலிருந்து எடுத்ததாகச் சொல்லி, ஆதாரமில்லாமல் ஒரு பொருளுக்கு விலை ஏற்றுவது எனக்கு ஒப்பவில்லை. காசு கொடுத்தால் அந்தப் பொய்க்கு நானும் கூட்டாளி.

அப்போ நல்ல வாட்சை எப்படிப் பார்ப்பது? கதையைக் கேட்கும் முன் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்க. உள்ளே பேட்டரி இருந்தால் பேச்சே வேண்டாம். முகப்பில் எழுத்து புத்தம்புதுசாகப் பளிச்சென்று இருந்து, உள் மெஷின் தேய்ந்திருந்தால் மறுபெயின்ட். பம்பாய், கல்கத்தா என்று முகப்பில் போட்டு விற்ற வெஸ்ட் எண்ட் கம்பெனியின் பேரை முகப்பில் மட்டும் பார்த்து நம்பாமல், மெஷினிலும் தேடுங்க.

நான் பெரம்பலூர்–அரியலூர் பஸ்ஸில் போகும்போது என் வாட்சை ஜீன்ஸின் சின்னப் பாக்கெட்டில் வைத்துக்கொள்வேன். அந்தப் பாக்கெட் தைத்ததே இதற்குத்தான். வேட்டி கட்டினால் சங்கிலியைச் சட்டைப் பொத்தான் துளையில் மாட்டிவிடுவேன், இல்லையென்றால் குனியும்போது விழும். செல்போன் பக்கத்தில் வைக்காதீங்க. ஸ்பீக்கர் காந்தம் பட்டால் ஹேர் ஸ்பிரிங் சுருள்கள் ஒட்டிக்கொண்டு வாட்ச் வேகமாக ஓடும். தினம் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுங்க. நாளுக்கு ஒரு நிமிஷம் முன்பின் இருந்தால் இந்த வயசுக்கு அது போதும்.

ரயில்வேயில் வேலை பார்த்த பெரியவர் வாட்ச் உங்க வீட்டில் இருந்தால், ஒரு காகிதத்தில் அவர் பெயர், வேலை, ஸ்டேஷன், வருஷம் எழுதி டப்பாவுக்குள் போட்டு வைங்க. அடுத்த தலைமுறை இன்னொரு வியாபாரி சொல்லும் கதையை நம்ப வேண்டியிருக்காது.