கல்யாணமும் பங்கும்: நம்ம ஊர்ப் பக்கத்துக் கல்வெட்டு முதல் இன்று வரை



நம்ம பழையசீவரத்திலிருந்து பாலாற்றைத் தாண்டினால் திருமுக்கூடல். அப்படியே போனால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தது. ஆண்டு 919, 921. வாரியத்துக்கு வர, வரி கட்டும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். கணக்குக் காட்டாதவர் வரக் கூடாது. நம்ம குழுவிலும் அதே சட்டம்தானே!

இன்னொன்றையும் பாருங்கள். கணக்குக் காட்டாதவரின் மாமனார், மைத்துனர், சகோதரி கணவர், மருமகன் எல்லாருக்கும் தடை. அத்தனையும் பெண்ணை வைத்து வந்த சொந்தம். ஆனால் அந்தப் பெண்ணின் பெயருக்கு ஓலையில் இடமில்லை.

எது கல்யாணம் என்பதையும் மற்றவர்கள்தான் சொன்னார்கள். புரோகிதர் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஊரறிய வாழ்ந்தவள் சட்டத்தில் மனைவி இல்லை என்றாகிவிட்டது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வந்தது. முன்னால் நடந்த திருமணங்களும் செல்லும் என்றானது.

அடுத்தது சொத்து. 1989-ல் தமிழ்நாடு, இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு தந்தது. ஆனால் அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன்னே கல்யாணம் ஆனவளுக்குக் கிடையாது. ஒரே வயிற்றில் பிறந்தவர்களில் அக்காவுக்கு இல்லை, தங்கச்சிக்கு உண்டு! அண்ணனுக்கு எப்போது கல்யாணம் ஆனது என்று யாரும் கேட்கவில்லை. 2005 செப்டம்பர் 9-ல் அமலுக்கு வந்த மத்திய சட்டம் இந்த வித்தியாசத்தை நீக்கியது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்கத் தேவையில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்ததும் விற்றதும் மட்டும் மாறாது.

"சீர் செஞ்சு கட்டிக் கொடுத்தாச்சே, இன்னும் என்ன பங்கு?" என்று கேட்டு, விடுதலைப் பத்திரத்தை நீட்டுவார்கள். அண்ணன் தம்பி உறவு நமக்கு வேணும்தான். விட்டுக் கொடுப்பதும் நம்ம விருப்பம். ஆனால் எதை விடுகிறோம் என்று தெரிந்து விட வேண்டும். சந்தேகம் இருந்தால் வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் கேளுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

குழுத் தீர்மானத்தை வாசித்துக் காட்டச் சொல்லித்தானே கையெழுத்துப் போடுகிறோம்? பத்திரத்துக்கும் அதே பழக்கம் இருக்கட்டும்.