சுயாதீன ராக் இசை நிறுவனங்கள்: வணிகமும் ஒப்பந்தச் சட்டமும்

பெரும் இசைத்தட்டு நிறுவனங்களின் பணமும் விநியோக வலையும் இல்லாமல் ராக் குழுக்களின் இசையை வெளியிட்ட சிறு நிறுவனங்கள் சுயாதீன நிறுவனங்கள் எனப்படும். 1970களின் பிற்பகுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இவை பெருகின. பின்னாளில் மாற்று ராக் என்று பெயர்பெற்ற இசையில் பெரும்பகுதி இவற்றின் வழியாகவே முதலில் வெளிவந்தது. மூலப்பதிவு யாருக்குச் சொந்தம், லாபத்தை எப்படிப் பங்கிடுவது என்ற இரு கேள்விகளுக்கும் இவை தந்த புதிய விடையே மாற்று ராக்கின் வணிக வரலாறு.

தோற்றம்

1976 டிசம்பர் இறுதியில் மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழுவினர் உறவினரிடமும் நண்பர்களிடமும் சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி நான்கு பாடல்களைப் பதிவு செய்தனர். தாங்களே தொடங்கிய நியூ ஹார்மோன்ஸ் நிறுவனத்தின் பெயரில் 1977 ஜனவரியில் அதை 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்ற தட்டாக வெளியிட்டனர். முதலில் வார்த்தவை 1,000 தட்டுகள். விற்பனை 16,000 வரை போனது. ஒரு தட்டை வெளியிட என்ன செலவாகும், யாரிடம் போக வேண்டும் என்பது அதுவரை பெரும்பாலும் நிறுவனங்களின் அலுவலகத்துக்குள் தெரிந்த கணக்கு. பஸ்காக்ஸ் அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. அந்தத் தட்டின் இசையைவிட இந்தச் செயலே பெரியது என்று சொல்லத்தக்கது.

தட்டு வார்ப்பதைவிடக் கடினம் அதைக் கடைகளுக்குக் கொண்டுசேர்ப்பது. இந்த முடிச்சை அவிழ்த்தது ஒரு கடை. 1976இல் ஜெஃப் ட்ராவிஸ் மேற்கு லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் ரஃப் ட்ரேட் கடையைத் திறந்தார். குழுக்கள் சொந்தச் செலவில் வார்த்த தட்டுகளைப் பெட்டிகளில் கொண்டுவந்து கொடுக்க, கடை அவற்றை விற்றது; பிற ஊர்க் கடைகளுக்கும் அனுப்பியது. 1978இல் ரஃப் ட்ரேட் தானே வெளியீட்டில் இறங்கியது. மறு ஆண்டு அது வெளியிட்ட ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ் குழுவின் முதல் ஆல்பம் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 14ஆம் இடத்தைப் பிடித்தது. சுயாதீன ஆல்பம் ஒன்று அந்த உயரத்தை எட்டும் என்று அன்று பலரும் எண்ணவில்லை.

1980களின் தொடக்கத்தில் ரஃப் ட்ரேட்டுடன் யார்க் நகரின் ரெட் ரைனோ, பிரிஸ்டலின் ரிவால்வர், லிவர்பூலின் ப்ரோப், நாரிச்சின் பேக்ஸ், எடின்பரோவின் ஃபாஸ்ட் ஃபார்வர்ட், லெமிங்டன் ஸ்பாவின் நைன் மைல் ஆகியவை சேர்ந்து 'கார்ட்டெல்' என்ற விநியோகக் கூட்டணியாயின. ஒவ்வொன்றும் தன் வட்டாரக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பியது. தன் வட்டாரக் குழுக்களின் தட்டுகளை நாடு முழுக்கக் கொண்டுசென்றது. இந்த வணிகத்தின் நிரந்தர நோய் பணச்சுழற்சி. வார்ப்பாலைக்கு உடனே பணம் கட்ட வேண்டும். கடைக்காரர் தருவதோ சில மாதங்கள் கழித்து. நன்றாக விற்கும் தட்டுக்கு மறுவார்ப்புச் செலவும் உடனே வந்துவிடுவதால், வெற்றியே சிறு நிறுவனத்தை மூச்சுத் திணறவைத்தது. விநியோகஸ்தர்கள் வார்ப்புச் செலவை முன்கூட்டியே ஏற்று இதைச் சமாளித்தனர். அந்தச் சுமையும் பின்னர் அவர்களைச் சாய்த்தது. 1991இல் ரஃப் ட்ரேட்டின் விநியோகப் பிரிவு திவாலானபோது, அதனிடமிருந்து பணம் வரவேண்டியிருந்த பல சிறு நிறுவனங்களும் ஆட்டம் கண்டன.

வகைப்பாடு

பிரிட்டனின் சுயாதீன விற்பனைப் பட்டியல் 1980 ஜனவரி 19 அன்று முதன்முதலாக வெளிவந்தது. முதலிடத்தில் ஸ்பிட்ஸெனர்ஜி குழுவின் தனிப்பாடல் இருந்தது. பட்டியலில் இடம்பெற இசைநடை கணக்கில் கொள்ளப்படவில்லை. பெரும் நிறுவனங்களைச் சாராத விநியோகஸ்தர் வழியாகத் தட்டு கடைக்குப் போயிருக்க வேண்டும் என்பதே விதி. இதனால் 1980களின் பிற்பகுதியில் கைலி மினோக்கின் நடனப் பாடல்களும் இப்பட்டியலில் ஏறின, ஏனெனில் அவற்றை வெளியிட்ட பிடபிள்யூஎல் நிறுவனம் சுயாதீன விநியோகஸ்தரைப் பயன்படுத்தியது. இதைப் பட்டியலின் குறை என்பது பொருந்தாது. சுயாதீனம் என்பது உடைமையும் விநியோகமும் சார்ந்த நிலை. கிதார் ஒலியையும் உடையையும் வைத்து அதை ஓர் இசைவகையாக்கியது பிற்காலப் பத்திரிகைகளின் பழக்கம்.

பாதிப் பங்கும் வாய்மொழி ஒப்பந்தமும்

பெரும் நிறுவன ஒப்பந்தத்தில் கலைஞருக்கு விற்பனை விலையில் ஒரு சிறு விழுக்காடு ராயல்டியாக வரும். ஸ்டுடியோச் செலவும் முன்பணமும் அந்தச் சிறு பங்கிலிருந்தே கழிக்கப்படும். கழித்து முடித்த பிறகும் மூலப்பதிவு நிறுவனத்துக்கே சொந்தம். ரஃப் ட்ரேட், மியூட், ஃபேக்டரி ஆகியவை இதைத் தலைகீழாக்கின. மொத்த வருவாயிலிருந்து செலவைக் கழித்து, மிஞ்சியதைக் குழுவும் நிறுவனமும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. மியூட்டின் டேனியல் மில்லரும் டெபெஷ் மோட் குழுவும் 1981இல் கைகுலுக்கியே உடன்பாடு செய்துகொண்டனர்.

மான்செஸ்டரின் ஃபேக்டரி இதில் எல்லை வரை சென்றது. 1978இல் டோனி வில்சனும் ஆலன் எராஸ்மஸும் தொடங்கிய இந்நிறுவனத்தின் ஒரே சாசனத்தை வில்சன் தன் ரத்தத்தால் எழுதினார்: எல்லாம் இசைஞருக்கே சொந்தம், நிறுவனத்துக்கு எதுவும் இல்லை, விரும்பும்போது குழுக்கள் போகலாம். 1992இல் கடனில் மூழ்கிய ஃபேக்டரியை வாங்க லண்டன் ரெக்கார்ட்ஸ் பேசியபோது இந்தத் தாள் வெளிவந்தது. நியூ ஆர்டர் குழுவின் மூலப்பதிவுகள் குழுவினருடையவை என்றால் ஃபேக்டரியிடம் விற்க என்ன இருக்கிறது? பேரம் முறிந்தது, நவம்பரில் நிறுவனம் திவாலானது. நியூ ஆர்டர் தானே லண்டன் ரெக்கார்ட்ஸுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஃபேக்டரியின் முடிவை நிர்வாகக் கோளாறு என்று எழுதுவோர் உண்டு. ஆனால் தான் கொடுத்த வாக்கை வாங்க வந்தவர் முன்னிலையிலும் மாற்றாத நிறுவனம் இசைத்துறையில் வேறு எது?

நீதிமன்றங்களில்

ஸ்டோன் ரோசஸ் குழு 1988இல் சில்வர்டோன் நிறுவனத்துடன் எழுத்து வடிவில் ஒப்பந்தம் செய்திருந்தது. முதல் ஆல்பம் வெற்றிபெற்றதும் விலக விரும்பிய குழுவைச் சில்வர்டோன் நீதிமன்றத் தடை பெற்று நிறுத்தியது. 1991 மே மாதம் உயர் நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் தொழில் செய்யும் சுதந்திரத்தை நியாயமின்றிக் கட்டுப்படுத்துகிறது, ஆகவே செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1974இல் பாடலாசிரியர் மெக்காலே வழக்கில் பிரபுக்கள் சபை வகுத்த கொள்கையே இங்கும் நின்றது. குழு கெஃபன் நிறுவனத்துக்குச் சென்றது. அடுத்த ஆல்பம் 1994 டிசம்பரில்தான் வந்தது.

குழுவுக்குள் எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது நேர்வதை ஸ்மித்ஸ் குழுவின் வழக்கு காட்டியது. ரஃப் ட்ரேட் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் பாடகர் மாரிஸியும் கிதார் வாசித்த ஜானி மாரும் மட்டுமே. பதிவு, மேடை வருவாயில் இவர்கள் ஆளுக்கு 40 விழுக்காடு எடுத்துக்கொள்ள, டிரம்ஸ் வாசித்த மைக் ஜாய்ஸுக்கும் பேஸ் வாசித்த ஆண்டி ரூர்க்குக்கும் தலா 10 விழுக்காடு போனது. ரூர்க் 1989இல் 83,000 பவுண்டு பெற்றுச் சமரசம் செய்துகொண்டார். ஜாய்ஸ் வழக்காடினார். 1890ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாதவரை கூட்டாளிகள் சமபங்குக்கு உரியவர்கள். 1996இல் ஜாய்ஸுக்குக் கால்பங்கு உண்டு என்று தீர்ப்பானது. 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நூறாண்டுக்கு முற்பட்ட வணிகச் சட்டம் நான்கு இளைஞரின் குழுவுக்கு நியாயமாகவே பொருந்தியது.

அமெரிக்காவில் டச் அண்ட் கோ நிறுவனத்தின் கோரி ரஸ்க் பட்ஹோல் சர்ஃபர்ஸ் குழுவுடன் பாதிப் பங்கு அடிப்படையில் வாய்மொழியாகவே உடன்பட்டிருந்தார். குழு பின்னர் கேப்பிட்டல் நிறுவனத்துக்குப் போய்ப் புகழ்பெற்றது; பழைய ஆல்பங்களைத் திரும்பக் கேட்டது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி 35 ஆண்டுகளுக்கு உரிமத்தை ரத்துசெய்ய முடியாது என்று ரஸ்க் வாதிட்டார். 1999இல் ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காலவரம்பு குறிக்காத வாய்மொழி உரிமத்தை இலினாய் மாநிலச் சட்டப்படி எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம் என்றது. யாரும் கவனிக்காத காலத்தில் அந்தத் தட்டுகளை வெளியிட்டு நேர்மையாகக் கணக்குக் கொடுத்துவந்த நிறுவனம் அவற்றை இழந்தது. அதன்பின் கைகுலுக்கலை மட்டும் நம்புவது குறைந்தது. இருந்தும் வாஷிங்டனில் ஃபுகாஸி குழுவின் தட்டுகளை வெளியிட்ட டிஸ்கார்ட் நிறுவனம் ஒப்பந்தமின்றியே இயங்கிவந்தது.

பெரும் நிறுவனங்களின் வருகை

1991இல் நிர்வாணா குழுவை சப் பாப் நிறுவனத்திடமிருந்து கெஃபன் விடுவித்துக்கொண்டபோது, சப் பாப்புக்கு ரொக்கத்தோடு அடுத்த ஆல்பங்களில் ராயல்டிப் பங்கும் கிடைத்தது. சப் பாப் பிழைத்தது அந்தப் பங்கால்தான். நிர்வாணா தொடக்கத்தில் எழுத்து ஒப்பந்தம் கேட்டு வாங்கியிருக்காவிட்டால் விலை பேச எந்தத் தாளும் இருந்திருக்காது. 1993இல் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி 'தி பாஃப்லர்' இதழில் ஒரு மாதிரிக் கணக்கு வெளியிட்டார். அதன்படி, இரண்டரை லட்சம் பிரதிகள் விற்ற குழுவின் ஒவ்வொரு உறுப்பினருக்கும் கையில் மிஞ்சுவது 4,031.25 டாலர். 

இன்றைய நிலை

2007இல் ரேடியோஹெட் குழு 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்துக்கு விலையைக் கேட்பவரே தீர்மானிக்கலாம் என்றது. சுயாதீன நிறுவனங்களுக்காக மெர்லின் அமைப்பு இணைய ஒலிபரப்புத் தளங்களுடன் உரிமம் பேசிவருகிறது. சட்டப் போராட்டம் பதிவுகளோடு நிற்கவில்லை: கச்சேரி நுழைவுச்சீட்டு விற்பனையில் டிக்கெட் மாஸ்டரின் ஏகபோகம் குறித்து பேர்ல் ஜாம் குழு 1994இல் கொடுத்த புகாரை அமெரிக்க நீதித்துறை மறு ஆண்டே கைவிட்டது. 2024 மே மாதம் அதே துறை லைவ் நேஷன், டிக்கெட் மாஸ்டர் மீது வழக்குத் தொடுத்தது.