பல் வெண்மையாக்கமும் உமிழ்நீரின் காவலும்: சப்ரகமுவத் தோட்டங்களை முன்வைத்து

பெராக்சைடு கொண்டு பல்லை வெளுக்க வைத்தால் எனாமல் கெட்டுவிடும் என்பதற்குக் காட்டப்படும் சான்றுகளில் பெரும்பகுதி, பிடுங்கிய பற்களில் நடந்த சோதனைகள். தண்ணீரில் வைத்த பல்லில் கடினத்தன்மை குறைகிறது. பல் துண்டை ஒருவரின் வாயிலேயே பொருத்தி, உமிழ்நீர் படவிட்டுப் பார்த்தால் இழப்பு சிறிதாகவோ மீளக்கூடியதாகவோ இருக்கிறது. இதை வைத்து ‘உமிழ்நீர் காக்கும்’ என்று முடித்துவிடலாம். ஆனால் எந்த வாயின் உமிழ்நீர் என்று கேட்காதவரை அந்த முடிவு அரைகுறையானது.

காவலின் நேரத்தை முதலில் பார்க்க வேண்டும். 1989இல் ஹேவுட், ஹைமன் இருவரும் விவரித்த, மருந்திட்ட தட்டைப் பல்லில் மாட்டித் தூங்கும் இரவுத் தட்டு முறையில் பயன்பட்டது 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு. அது தருவது ஏறத்தாழ 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. தட்டு பல்லைக் கவ்வியிருக்கையில் உமிழ்நீர் உள்ளே புகுவது சொற்பம். தூக்கத்திலோ சுரப்பே அடங்கிவிடும். விளிம்பில் கசியும் மருந்தை நீர்க்க வைத்து, பெராக்சிடேஸ் முதலிய நொதிகளால் சிதைப்பதுதான் உமிழ்நீரின் அப்போதைய வேலை. அதனால் பிழைப்பது பெரும்பாலும் ஈறு. எனாமலின் முறை தட்டைக் கழற்றிய பிறகே வருகிறது. பைகார்பனேட் அமிலத்தைத் தணிக்கிறது, கல்சியமும் பொஸ்பேட்டும் இழந்த கனிமத்தை நிரப்புகின்றன, புரதப் படலமொன்று சில நிமிடங்களிலேயே பல்லை மறுபடி போர்த்தத் தொடங்குகிறது.

இனி இலங்கையின் சப்ரகமுவ மாகாணத் தோட்டங்களுக்கு வருவோம். தெரணியகலையிலோ பலாங்கொடையிலோ பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, போகும் பெண்ணின் மடியில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, பொயிலை இருக்கும், இடையிடையே சாயத்தண்ணி. பாக்கிலும் தேயிலையிலும் உள்ள தனின்கள் அந்தப் புரதப் படலத்தைத்தான் பற்றிக்கொள்கின்றன. சுண்ணாம்பின் காரம் பாக்குச் சாற்றைச் சிவக்க வைக்கிறது. எனாமலைக் காக்கும் படலமே கறைக்கும் இடம் கொடுக்கிறது. இது மேற்பூச்சுக் கறை. சுத்தம் செய்யும் கருவியால் பெரும்பாலும் போய்விடும். பல்லின் உள்நிறத்தை மாற்றவே பெராக்சைடு தேவை. கறைப் பல்லோடு வருபவருக்கு எடுத்த எடுப்பில் வெண்மையாக்கம் விற்பது, என் கணிப்பில், தேவையற்ற செலவு.

பாக்கின் அரிகோலின் எச்சிலைப் பெருக்கும், சுண்ணாம்பு காரம் சேர்க்கும். அப்படியானால் வெற்றிலை போடும் வாய் நல்ல அரண் உள்ளதுதானே என்று ஒருவர் வாதிடலாம். ஊறியதில் பாதி துப்பலாக வெளியே போகிறது என்பது ஒருபுறம். அந்த வாயின் கடைவாய்ப் பல்லைக் கிட்டப் பார்த்தால் வேறொன்று தெரியும்: பாக்கை அரைத்து அரைத்து முகடுகள் மழுங்கி, நடுவே மஞ்சள் டென்டின் குழிந்து கிடக்கும். உமிழ்நீர் மென்மையான எனாமலை இறுக்கும். தேய்ந்து போனதை வளர்க்காது. திறந்த டென்டினில் பெராக்சைடு பட்டால் கூச்சம்தான் மிஞ்சும்.

அதைவிடப் பெரிய கேள்வி கன்னத்தின் உட்புறத்தில் இருக்கிறது. சப்ரகமுவ மாகாணத்தில் 30 வயதும் அதற்கு மேலும் ஆனோரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வு, புற்றாக மாறக்கூடிய வாய்க் கோளாறுகள் 11.3 சதவீதத்தினரிடம் இருப்பதாகக் கண்டது. வெண்படலம் படர்ந்த கன்னத்துக்குப் பக்கத்தில் பெராக்சைடுத் தட்டை வைக்குமுன் எனாமலைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பது விந்தை. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் 0.1 முதல் 6 சதவீதம் வரையான பெராக்சைடைப் பல் வைத்தியரின் பரிசோதனைக்குப் பின்னரே தர வேண்டும் என்று விதித்ததும் இந்த வகை எச்சரிக்கைதான்.

மருந்து வாங்கக் காசில்லாத இளசுகள் கல்யாணத்துக்கு முன் தேசிக்காயும் உப்பும் போட்டுத் தேய்ப்பதுண்டு. எனாமல் கரையத் தொடங்கும் pH ஏறக்குறைய 5.5, தேசிக்காய்ச் சாறு 2க்குச் சற்று மேல். உமிழ்நீர் அதைத் தணிக்கப் பல நிமிடம் எடுக்கும். அதற்குள் தூரிகை இளகிய மேற்படையை வழித்துவிடும். காவலுக்கு அவகாசமே கிடைக்காத இடம் இதுதான், பெராக்சைடுத் தட்டல்ல.

ஆகவே வைத்தியர் நிறம் பார்க்கும் அட்டையை எடுக்குமுன் கன்னத்தை விரித்துப் பார்க்கட்டும். பிறகு ஐந்து நிமிடம் ஒரு கோப்பையில் எச்சிலைச் சேர்க்கச் சொல்லட்டும். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 0.1 மில்லிலீற்றருக்குக் கீழே ஊறும் வாய்க்குத் தட்டு வேண்டாம்.