எல்லைப்புறத்துக் கலையும் சட்டமும்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் நோக்கிச் செல்வோர் களியக்காவிளையைக் கடந்ததும் பாறசாலையை அடைகின்றனர். அதற்கப்பால் நெய்யாறும், அதன் கரையில் நெய்யாற்றின்கரை நகரமும் அவர்களை எதிர்கொள்கின்றன. களியக்காவிளையில் கடைப் பலகைகளின் எழுத்து மாறுகின்றது, மண் மாறுவதில்லை. அதே செம்மண், அதே தென்னை, அதே மரச்சீனிக் கிழங்கு. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அன்றுமுதல் இவ்வூர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஒரு மாநிலத்தின் குடிகளாகவும், மற்றொரு மாநிலத்து மொழியின் மக்களாகவும் விளங்கி வருகின்றன.

இக்குடும்பங்களின் பிள்ளைகள் பெற்றோரிடம் கேட்கும் வினா ஒன்றுண்டு. "வரலாறும் மொழியும் சட்டமும் படித்து யாது பயன்? பொறியியலும் மருத்துவமும் அல்லவா சோறு போடும்?" என்பதே அவ்வினா. பிள்ளைகளைக் குறை கூறுவதற்கில்லை; பெற்றோரும் அவ்வாறே எண்ணுகின்றனர். இதற்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டா. நாம் மிதித்து நடக்கும் இவ்வெல்லைப்புற மண்ணே விடை கூறும்.

மூவரசு வழக்குக் கற்ற சாலை

பாறசாலைக்குத் தெற்கே, விளவங்கோட்டு வட்டத்தில் முன்சிறைக்கு அண்மையில், பார்த்திவபுரம் என்றோர் ஊர் உள்ளது. ஆய் மன்னன் கருநந்தடக்கன், முன்சிறைச் சபையாருக்கு மாற்று நிலம் கொடுத்து இவ்விடத்தைப் பெற்றான். திருமால் கோயில் ஒன்று எடுப்பித்தான். ஊருக்குப் பார்த்திவசேகரபுரம் எனப் பெயரிட்டான். அதனோடு தொண்ணூற்றைந்து மாணவர் தங்கிக் கற்பதற்கு ஒரு சாலையும் அமைத்தான். இச்செய்தியைக் கூறும் செப்பேட்டில் கலியுக நாள் 14,49,087 எனக் குறிக்கப்பட்டுள்ளது, அது கி. பி. 866ஆம் ஆண்டாகும். திருவனந்தபுரம் அசூர் கருவூலத்திற் கிடந்த அச்செப்பேட்டைத் 'திருவாங்கூர்த் தொல்லியல் வரிசை' என்னும் தொகுதியில் வெளியிட்டு உலகறியச் செய்தவர் து. அ. கோபிநாத ராவ் ஆவார்.

சாலை என்றதும் இக்காலத்தார் தார்ப்பாதையை நினைப்பர். அக்காலத்துச் சாலையோ, உணவும் உறையுளும் தந்து கல்வி புகட்டிய நிலையம். தொண்ணூற்றைந்து இடங்களும் வேதப் பிரிவு நோக்கி நாற்பத்தைந்து, முப்பத்தாறு, பதினான்கு என வகுக்கப்பட்டிருந்தன. இலக்கணமும், வேள்விநூல் ஆராய்ச்சியாகிய மீமாம்சையும், புரோகிதமும் வல்லவராய் இருத்தல் வேண்டும் என்பது விதி. இவற்றோடு மூன்று அரசுகளின் வியவகாரத்திலும் தேர்ச்சி வேண்டும் என்றும் அச்செப்பேடு கூறுகின்றது. மூன்று அரசுகள் என்பன சேர சோழ பாண்டிய நாடுகள் என்பர் அறிஞர். வியவகாரமாவது வழக்கும் நீதிமுறையும். இலக்கணம் கற்றவன் சட்டமும் கற்கவேண்டும். அதுவும் தன் நாட்டுச் சட்டம் மட்டும் போதாது, எல்லைக்கு அப்பாலுள்ள நாடுகளின் வழக்கும் அறிந்திருக்கவேண்டும் என்பதே அதன் கருத்து.

ஏன் அவ்வாறு விதித்தனர்? ஆய் நாடு பேரரசுகளின் இடையே நின்ற சிறு நாடு. எல்லையில் வாழ்பவனுக்கு ஒரு நாட்டு நீதி மட்டும் தெரிந்தால் போதாது. பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன்னர் இம்மண்ணில் உணரப்பட்ட இவ்வுண்மை, இன்று இரு மாநிலங்களின் இடையே வாழும் நமக்குப் புதிதன்று.

அச்சாலையின் ஒழுங்கும் கருதத்தக்கது. மாணவர் ஒருவரையொருவர் இழித்துப் பேசினால் தண்டம், படைக்கலத்தோடு அவையிற் புகுதல் ஆகாது, சூதாடுதல் கூடாது. ஆயினும் ஒன்றை மறைத்தல் நேர்மையன்று. அங்கு இடம் பெற்றோர் வேதம் ஓதும் அந்தணர் மட்டுமே. ஏனைய மக்களுக்கு அக்கதவு திறக்கவில்லை. பழம்பெருமை பேசுவோர் இதனையும் சேர்த்தே பேசுதல் வேண்டும்.

ஒரு சொல்லுக்குப் பல துறைகள்

இச்சாலைக்கு முன்மாதிரி காந்தளூர்ச் சாலை என்று அச்செப்பேடே கூறும். திருவனந்தபுரத்து வலியசாலையே பண்டைக் காந்தளூர் எனப் பலரும் கருதுவர். கி. பி. 985இல் அரியணை ஏறிய முதலாம் இராசராசன் தன் மெய்க்கீர்த்தியில், காந்தளூர்ச் சாலையிற் 'கலமறுத்த' செயலைத் தன் முதற்பெரும் வெற்றியாகப் போற்றிக்கொண்டான்.

கலம் என்றால் யாது? மரக்கலம் என்றனர் சிலர். சேரரின் கப்பற்படையைச் சோழன் அழித்தான் என்பது அவர் கொள்கை. உண்கலம் என்றனர் வேறு சிலர். சாலையில் நடந்த உணவுக் கட்டளையை அவன் மாற்றியமைத்தான் என்பது அவர் கருத்து. கலம் என்னும் சொல்லுக்கு ஆவணம் என்னும் பொருளும் உண்டாகலின், அதனை உரிமை வழக்காகக் கொண்டவரும் உளர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை காந்தளூர்ச் சாலை பற்றித் தனியே ஆராய்ந்து எழுதினார். பிற்காலத்தே வரலாற்றறிஞர் மு. கோ. ச. நாராயணன், இச்சாலைகள் படைப்பயிற்சியும் பெற்ற அந்தணரின் நிலையங்கள் என 1970ஆம் ஆண்டளவில் வாதிட்டார்.

ஒரு சிறு சொல்லின் பொருளைத் துணிய இலக்கணமும், கல்வெட்டு எழுத்தும், கடல் வாணிக வரலாறும், கோயில் நிருவாகமும், சட்டமும் வேண்டியிருக்கின்றன. கலைத்துறை ஆராய்ச்சியின் பரப்பு எத்துணைப் பெரிது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

மணலிக்கரை உடன்பாடு

பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையை 'மனோன்மணீயம்' நாடகத்தின் ஆசிரியராக நாம் அனைவரும் அறிவோம். அந்நூல் 1891இல் வெளிவந்தது. திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் அவர் கற்பித்ததோ தத்துவம். ஊர்தோறும் சென்று கல்வெட்டுகளைப் படியெடுத்து, திருவாங்கூரின் பண்டை மன்னர் வரிசையை நிறுவி 1894இல் ஆங்கில நூலாக வெளியிட்டவரும் அவரே. திருஞானசம்பந்தரின் காலத்தை ஆராய்ந்து துணிந்தவரும் அவரே. தத்துவம், நாடகம், வரலாறு, இலக்கிய கால ஆராய்ச்சி என நான்கு துறைகளும் நாற்பத்திரண்டு ஆண்டே வாழ்ந்த ஒருவரிடம் ஒருங்கே நின்றன.

அவர் வெளிப்படுத்திய கல்வெட்டுகளுள் தலைசிறந்தது பத்மநாபபுரத்திற்கு அண்மையிலுள்ள மணலிக்கரைக் கல்வெட்டு. அது கொல்லம் 410, அஃதாவது கி. பி. 1235இல், இரவி கேரளவர்மன் காலத்தில் எழுந்தது. அரசனின் அதிகாரிகளும், கோதைநல்லூர்ச் சபையாரும், ஊர்மக்களும், வரி தண்டும் பொறுப்புடையவனும் கூடிச் செய்த உடன்பாடு அது. விளைவு பொய்த்த ஆண்டில் சபையாரும் ஊராரும் நிலங்களைப் பார்வையிட்டு, விளையாத நிலம் இன்னதென்று தெரிந்துரைக்க வேண்டும். அந்நிலத்திற்கு வழக்கமான வரியில் ஐந்தில் ஒரு பங்கே கொள்ளவேண்டும் என்பது அதன் சாரம். குடிகளைக் கேளாது வரி விதித்தல் முறையன்று என்னும் கோட்பாடு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் நம்மூர்க் கல்லிற் பொறிக்கப்பட்டிருந்தது. தத்துவப் பேராசிரியர் ஒருவர் வெயிலில் நின்று அதனைப் படித்திராவிடின் நாம் அறிந்திருப்போமோ?

சுவடி தந்த செல்வம்

அதே மணலிக்கரையில், 1909ஆம் ஆண்டளவில் மற்றொரு புதையல் கிடைத்தது. நெல்லைச் சீமைத் தருவையிற் பிறந்த த. கணபதி சாத்திரியார், அங்குள்ள மடத்தில் மலையாள எழுத்தில் அமைந்த ஓலைச்சுவடி ஒன்றைக் கண்டார். பெயரளவில் மட்டும் அறியப்பட்டிருந்த பாசன் என்னும் வடமொழி நாடக ஆசிரியனுடையவை என அவர் துணிந்த நாடகங்கள் அதில் இருந்தன. 1912 முதல் அவர் அவற்றை அச்சேற்றினார். அவை பாசனுடையனவே தாமா என்னும் வாதம் அறிஞருலகிற் பின்னும் தொடர்ந்தது. அவரே கௌடிலியரின் அர்த்தசாத்திரத்தைத் தம் உரையோடு 1924, 1925ஆம் ஆண்டுகளிற் பதிப்பித்தார். நாடகமும் அரசியல் நீதிநூலும் ஒருவர் கையிலேயே அச்சேறின.

தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக விளங்கிய ச. வையாபுரிப் பிள்ளையின் வாழ்வும் இத்தகையதே. அவர் திருவனந்தபுரத்திற் சட்டம் பயின்று, அங்கும் நெல்லையிலும் வழக்கறிஞராய்த் தொழில் செய்தவர். 1926இல் அகராதிப் பணியை ஏற்றார். பின்னாளில் திருவாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகவும் அமர்ந்தார். சான்றின்றி எதனையும் ஒப்பாத அவர்தம் போக்கு நீதிமன்றம் பயிற்றிய ஒழுக்கமெனின் மிகையாகாது.

பாட்டும் சட்டமும்

நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள்வழி உரிமை முன்னர் நிலவியது. ஒருவன் இறந்தால் அவன் சொத்துப் பெரும்பாலும் உடன்பிறந்தாள் மக்களைச் சேர்ந்தது. பெற்ற மக்களும் கட்டிய மனைவியும் அல்லலுற்றனர். அவ்வல்லலை ஐந்தாம் மனைவியொருத்தியின் வாய்மொழியாகக் கவிமணி 'நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்னும் நகைச்சுவைக் காவியமாகப் பாடினார். கொல்லம் 1101இல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் பிறந்து, பெற்ற மக்களின் உரிமையை நிலைநாட்டியது. சட்டமன்றம் செய்ததைச் செய்வதற்கு மக்கள் மனத்தைப் பாட்டு முன்னரே பண்படுத்திற்று.

அழகியபாண்டிபுரம் முதலியார் இல்லத்து ஓலைகளைத் திரட்டிப் படித்தவரும் கவிமணியே. அவ்வோலைகளில் நாட்டார் கூட்டமும் வரியும் உள. மனிதரை விலைக்கு விற்ற அடிமை ஓலைகளும் உள. திருவாங்கூரில் அடிமை முறை 1855இல் ஒழிக்கப்பட்டது. பெருமையை மட்டும் காட்டி, சிறுமையை மறைப்பது ஆராய்ச்சியன்று. இரண்டையும் நீதியின் முன் நிறுத்துவதே ஆராய்ச்சி.

நம் கடமை

அன்பர்காள்! இவையெல்லாம் பெரியோர் செய்தவை; எளியவராகிய நாம் செய்யத்தக்கது யாது?

நம் வீட்டுப் பரண்களிலும் மரப்பெட்டிகளிலும் பழைய ஓலைகளும், ஒற்றி ஆதாரங்களும், கொல்லம் ஆண்டிட்ட பட்டயங்களும் கிடக்கின்றன. சிலவற்றில் எழுத்துப் பழைய தமிழெழுத்து, சிலவற்றில் மலையாளம், மிகப் பழையவற்றில் வட்டெழுத்தும் இருக்கக்கூடும். படிக்கத் தெரியாத காரணத்தால் அவற்றைக் கரையானுக்கும் அடுப்புக்கும் கொடுத்துவிடுகின்றோம். ஒரு குடும்பத்தின் நில உரிமையும் ஓர் ஊரின் வரலாறும் ஒரே ஓலையில் இருத்தல் கூடும். நம் சங்கத்து இளைஞர் நால்வர் முன்வந்து, இவ்வாண்டு வீடுதோறும் சென்று அவற்றைப் பட்டியலிட்டு ஒளிப்படம் எடுத்து வைப்பாராயின், அதுவே சிறந்த விழாவாகும். ஓலை உரியவர் வீட்டிலேயே இருக்கட்டும். படியொன்று சங்கத்தில் இருந்தாற் போதும்.

இரண்டாவது, சட்டம் நமக்களித்துள்ளதை அறிதல். 1956இல் அரசியலமைப்பில் ஏழாம் திருத்தம் வந்தது. அதன்வழிச் சேர்ந்த 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயலவேண்டும் என்கின்றது. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டது. அது, இம்மாநிலத்துத் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் மறுமொழி பெறவும் இடந்தருகின்றது. எழுதாதவர்க்கு மறுமொழி வருவது எங்ஙனம்? உரிமை ஏட்டில் உறங்குவது நாம் அதனைப் படியாமையால் அன்றோ!

ஆகவே, நம் பிள்ளைகளுள் நூற்றுவர் பொறியியலும் மருத்துவமும் பயிலட்டும். ஒருவரேனும் கல்வெட்டும், மொழியியலும், வரலாறும், சட்டமும் பயிலட்டும். அவர் மலையாளத்தையும் செவ்வையாகக் கற்கட்டும். இம்மண்ணின் ஆவணங்களுக்கு இரு மொழியும் வேண்டும். அண்டை வீட்டார் மலையாளியாயின் அவருடைய ஓலையையும் சேர்த்தே படிக்கட்டும். மூவரசு வழக்கையும் கற்கவேண்டும் என விதித்த சாலை இருந்த மண்ணில் வாழும் நமக்கு ஈரரசு வழக்கைக் கற்பது அரிதாகுமோ? இவ்வினாவை வீட்டுக்கு எடுத்துச் சென்று பிள்ளைகளோடு பேசுமாறு வேண்டி அமைகின்றேன்.

வாழ்க தமிழ்! வளர்க நல்லாராய்ச்சி!